தட்டைவடையும் தொழில் இரகசியமும்

வாய் திறக்காமலே வாழ்ந்து முடித்த என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகிவிட்டன. ஆண்டு நினைவுக்குப் பத்திரிகையில் உங்கள் படமும் நான்கு வரிப் பாட்டும் போடலாம் என்று தங்கச்சி சொன்னாள். விளம்பரப் பகுதியில் இருந்தவர் ஒரு பாட்டைக் காட்டினார். அதே பாட்டைத்தான் அதற்கு முந்தின கிழமை ஒரு நகைக்கடைக்காரருக்கும் போட்டிருந்தார்கள். வேண்டாம் என்று விட்டேன். உங்களோடு எனக்கு இருபது வருடக் கோபம் இருக்கிறது. அது நான்கு வரிக்குள் அடங்காது.

மற்றவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கொழும்புக் கோட்டையில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் முப்பது வருடம் இருந்தீர்கள். பல நிதிக் கம்பனிகளின் உள்விவகாரம் உங்களுக்குத் தெரியும். சேர்ந்த அன்று, கண்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வைத்தீர்கள். எல்லோரும்தான் வைத்தார்கள். நீங்கள் ஒருவர்தான் அதை வாசித்தவர். எந்தக் கம்பனிக்குப் போய் வருகிறீர்கள் என்று அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. தான் கட்டிக்கொடுத்த மத்தியானச் சாப்பாடு எந்தத் தெருவில் ஆறிப்போகிறது என்று தெரியாமலே அவர் முப்பது வருடம் சமைத்தார்.

வாய் சொல்லவில்லை. பல் சொல்லிவிட்டது.

அதைக் கண்டுபிடித்தவர் அம்மாவின் சிநேகிதி, கொட்டாஞ்சேனை பவளம் அன்ரி. ஒரு சனிக்கிழமை பின்னேரம் தட்டைவடையோடு வந்து, ஒரு நிதிக் கம்பனியின் பெயரைச் சொல்லி, அங்கே காசு போடப் போவதாகச் சொன்னார். நீங்கள் வடை கடித்துக்கொண்டிருந்தீர்கள். பருத்தித்துறைத் தட்டைவடை, கடித்தால் அடுத்த பிளட் வீட்டுக்குக் கேட்கும். பெயரைக் கேட்டதும் சத்தம் நின்றது. பிறகு நீங்கள் மழையைப் பற்றிக் கதைத்தீர்கள். அன்ரி காசைப் போடவில்லை. மூன்று மாதத்தில் அந்தக் கம்பனி கதவை மூடியது.

அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வடை வராத சனிக்கிழமை இல்லை. உங்களோடு வருடக்கணக்காகக் கதைக்காத பெரியப்பாவே வடையோடு வந்தார். கம்பனிப் பெயரைப் பேச்சோடு பேச்சாக விடுவார்கள். பிறகு எல்லோரும் உங்கள் தாடையைப் பார்ப்பார்கள். குசினியில் அம்மா தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் காது கொடுப்பார். நீங்கள் மென்றால் போடலாம், நிறுத்தினால் போடக்கூடாது. இது உங்களுக்கு மட்டும் தெரியாது. சொந்தக்காரருக்குத் திடீரென்று பாசம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டீர்கள்.

ஒருநாள் பவளம் அன்ரிக்குப் பேராசை வந்தது. ஐந்து பெயர்களைக் கடதாசித் துண்டில் எழுதி வந்து, ஒவ்வொன்றாகச் சொல்லி, உங்கள் வாயைப் பார்த்துச் சரி பிழை போட்டார். பேனையைக் கண்ட பிறகுதான் உங்களுக்கு விஷயம் விளங்கியது. இனி யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் மென்றுகொண்டே இருப்பது என்று அன்றே முடிவெடுத்தீர்கள். அன்ரி வெட்கத்தில் அப்போது ஒருவருக்கும் சொல்லவில்லை. கண்டியில் வேலை செய்துகொண்டிருந்த எனக்கு நீங்களும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் நான் ஒரு பெயரோடு வந்தேன். ஏழு வருடச் சேமிப்பு, வெள்ளவத்தையில் கடல் தெரிகிற ஒரு பிளட்டுக்காகச் சேர்த்தது. வடையும் என் காசில்தான். பெயரைச் சொன்னேன். நீங்கள் மென்றீர்கள். நடுவில் ‘டக்’ என்று ஒரு பெரிய சத்தம்கூடக் கேட்டது. இவ்வளவு பலமாக மெல்லுகிறார், அப்படியென்றால் பலமான கம்பனி என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது மாதத்தில் கம்பனி போனது, காசும் போனது. இன்றைக்கும் வாடகை பிளட்தான். யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குளியலறை தெரியும்.

தெரிந்துதான் மென்றீர்களா என்று கேட்டேன். “சாப்பிட்டியா?” என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு தேவைக்கு மட்டும் உங்களோடு கதைத்தேன். உங்கள் எழுபதாவது பிறந்தநாளுக்கு இரண்டு பக்கெட் தட்டைவடை வாங்கித் தந்தேனே, அது அன்பால் அல்ல.

இனி உங்களுக்குத் தெரியாத புதினம். நான் கடைசியாக ஒரு நிதிக் கம்பனியில் இருந்தது உங்களுக்குத் தெரியும். சட்டதிட்டப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நானும் இரகசியத் தாளில் கையெழுத்து வைத்தேன். வாசித்துவிட்டுத்தான் வைத்தேன், பரம்பரை வியாதி. போன வருடம், மூன்று ஹோட்டல் கட்டக் கடன் எடுத்த ஒருவரின் விலாசம் மருதானையில் ஒரு மாடி அறையாக இருந்தது. போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்தவர் எங்கள் கம்பனித் தலைவரின் சாரதி, ஹட்டன் பக்கத்து மனிதர். “உள்ள வாங்க சேர், கதிரை ஒண்ணுதான் இருக்கு” என்றார். தன்னுடைய ஹோட்டல்கள் எந்த ஊரில் என்று அவருக்குத் தெரியவில்லை. சனங்கள் வைப்பிலிட்ட காசு சாரதியின் பெயரில் வெளியே போய், தலைவரிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

அறிக்கை எழுதிப் பணிப்பாளரிடம் கொடுத்தேன். கம்பனி என்பது ஒரு குடும்பம் என்றார். அறிக்கையைத் திருப்பித் தந்து, ஊழியர்களுக்கு நேர்மை பற்றி ஒரு கையேடு தமிழில் எழுதச் சொன்னார். எழுதினேன், அப்பா. நன்றாகவே வந்தது. அறிக்கையை என் மேசை லாச்சியில் போட்டு, கையேட்டை அதன் மேல் வைத்துப் பூட்டினேன். பிள்ளைகளின் ரியூசன், வீட்டு வாடகை. உங்களுக்கு விளங்கும்.

பிறகு உங்கள் முதல் வருட ஆட்டைத்திவசம் வந்தது. உங்கள் கந்தோரில் தட்டச்சு செய்த சலீம் நானா வந்திருந்தார். படைத்ததைச் சாப்பிட மாட்டார்; தேத்தண்ணி மட்டும் குடித்தார். என் காசைத் தின்ற கம்பனியைப் பற்றி அவரிடம் புறுபுறுத்தேன்.

“அந்தக் கம்பனிட கணக்குப் பிழையெண்டு ஒங்கட அப்பா மூணு தரம் எழுதினார் தம்பி. நான்தான் டைப் பண்ணின. எங்கட கந்தோர்த் தொரை மூணையும் லாச்சிக்குள்ள போட்டுட்டு, கணக்குச் சரியெண்டு கையெழுத்து வெச்சார். தொரையும் மௌத்து, கம்பனியும் மௌத்து, இனி என்ன இரகசியம்?” என்றார். பிறகு சிரித்தார். “மூணாவது எழுதின கெழம ஒங்கட அப்பா கன்னம் வீங்கி வந்தார். கடவாப் பல்லு ரெண்டாப் பொளந்திருந்திச்சு. என்ன சேர் எண்டு கேட்டேன். மகன் தட்டைவடை கொண்டாந்தான், கொஞ்சம் பலமாக் கடிச்சிட்டேன் எண்டார்.”

அந்த ‘டக்’, அப்பா.

கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு பல்லையே விட்ட மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஆனால் லாச்சி என்ற சொல் என்னைத் தூங்க விடவில்லை. நீங்கள் மூன்று தரம் எழுதி, வேறொருவர் லாச்சியில் போட்டார். நான் ஒரு தரம் எழுதி, நானே போட்டேன்.

இரண்டு கிழமையில் பவளம் அன்ரி, இரண்டு பஸ் மாறி, வடையோடு வந்தார். கண் ஒப்பரேசனுக்கு மகன் கனடாவிலிருந்து அனுப்பிய காசு கையில் இருக்கிறதாம். ஒப்பரேசனுக்கு நாள் கிடைக்கும்வரை எங்கள் கம்பனியில் போடட்டோ என்று கேட்டார். நான் இரகசியத் தாளைப் பற்றித் தொடங்கினேன்.

“ஒண்டும் சொல்ல வேண்டாம் தம்பி. சாப்பிடும்.”

புரை விழுந்த கண்ணால் என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கடி கடித்தேன். நிறுத்தினேன். வடை வாய்க்குள் ஊறிக் கூழாகும்வரை அசையவில்லை. பிறகு, மழை வரும்போல் இருக்கிறது என்றேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. “ஓம் தம்பி, பெரிய மழைதான்,” என்று அன்ரி கைப்பையை மூடினார்.

அன்ரிக்கு ஒரு தாடை போதும். மற்ற வைப்பாளர்கள் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு வடை தின்ன முடியுமா? அடுத்த நாள் லாச்சியைத் திறந்து, அறிக்கையை என் பெயரோடு, நிதிக் கம்பனிகளை மேற்பார்வை செய்யும் அரச அதிகாரிகளுக்கு அனுப்பினேன். போன மாதம் அந்தக் கம்பனி புதிய வைப்பு எடுக்கத் தடை வந்தது. சாரதி, ஹோட்டல் எல்லாம் பத்திரிகைகளில் வந்துவிட்டன. ஆகவே நான் இங்கே எதையும் புதிதாகக் கசியவிடவில்லை. கம்பனிக் குடும்பம் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பவளம் அன்ரிக்கு ஒப்பரேசன் நன்றாக முடிந்தது. இப்போது என் தாடை இன்னும் தெளிவாகத் தெரியுமாம்.

அறிக்கை அனுப்பியதை நீங்கள் மெச்சுவீர்கள். வடையை நிறுத்தியதற்கு ஏசுவீர்கள். ஏசுங்கள்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இனி ஒவ்வொரு திவசத்துக்கும் உங்கள் படத்துக்கு முன்னால் தட்டைவடை வைப்பேன். எந்தக் கம்பனியின் பெயரையும் சொல்ல மாட்டேன். நிம்மதியாகச் சாப்பிடுங்கள், அப்பா.

பல்லெல்லாம் பத்திரமாக இருக்கும்,
உங்கள் மூத்த மகன்