வசந்தி, அந்த வாயுவில் அம்மோனியா கலந்திருந்தது

என் வசந்திக்கு,

நேற்று கருணாபுரத்தில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் அம்மா கச்சிராயபாளையம் பக்கம் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். முகம்கூடக் கழுவவில்லை. "எம் பொண்ணு சொன்னது சரியா வந்துச்சா சுகந்தி?" என்று கேட்டுவிட்டார்.

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை மாதமாக அந்தத் தெருப் பக்கமே போகாமல் இருந்தேன்.

பவளப்பாறை இருக்கும் நீரில் சத்து ரொம்பக் குறைவு. அதனால்தான் அவ்வளவு தெளிவு. ஆனால் நம் ஆய்வுக்கூடத்தை ஒட்டிய பாறையில் மட்டும் நைட்ரஜன் ஏறிக்கொண்டே போனது. பாசி பவளத்தை மூடிக்கொண்டு வந்தது. எல்லோரும் ஊர்ச் சாக்கடையைக் கைகாட்ட, நீ மட்டும், "இல்லக்கா, இது கடலே ஆக்கிக்கிற சோறு" என்றாய். நீரில் கரைந்த காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்து உரமாக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைச் சொன்னாய்.

எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்டுபிடிக்க, எடை கூடிய அணுவால் அடையாளமிட்ட நைட்ரஜன் வாயுவைக் குப்பி நீரில் செலுத்தி, அவை அதை உடம்பில் சேர்த்துக்கொண்டதைக் காட்டினாய். கருத்தரங்கில் நீ அதைப் பேசி முடித்தபோது கைதட்டியவர்களில் கடைசியாக நிறுத்தியவள் நான்தான்.

பிறகு மஞ்சள் காமாலை வந்தது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் நீ இல்லை. உன் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். உன் நாற்காலியில் உட்கார்ந்து, நீ சொன்னதை உறுதிப்படுத்தத்தான் தொடங்கினேன். சத்தியமாக.

புதிய வாயு உருளை வந்ததும் நுண்ணுயிர்கள் சேர்த்துக்கொண்ட நைட்ரஜனின் அளவு அடியோடு இறங்கியது. பழைய உருளையில் மிச்சமிருந்ததைச் சோதித்தேன். அதில் அடையாளமிட்ட அம்மோனியா கலந்திருந்தது, வசந்தி. எந்தப் பாசியும் சிரமப்படாமல் தின்னும் தீனி அது. அதைத் தின்றதைத்தான் காற்றிலிருந்து ஆக்கியதாக நாம் நினைத்துவிட்டோம். சாக்கடை வாயிலிருந்து பாறைவரை நீரெடுத்தும் பார்த்தேன். வாயருகே நைட்ரஜன் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைகிறது.

நீ இருந்திருந்தால் என்னோடு சண்டைக்கு வந்திருப்பாய். திரும்பச் செய் என்றிருப்பாய். நீ கேட்டிருக்கக்கூடிய கேள்வியையெல்லாம் நானே கேட்டுக்கொண்டு அதையும் செய்தேன். பதில் மாறவில்லை. வாய் திறக்க முடியாதவளிடம் ஜெயித்து நான் என்ன செய்யப் போகிறேன்?

உன் அம்மாவிடம் பொய் சொல்வதாகத்தான் கிளம்பினேன். 'ஆமாம்மா' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"மல்லாட்டை வேருல குண்டு குண்டா இருக்கும் இல்லம்மா? காத்துல இருந்து செடிக்கு உரம் சேர்க்குறது அதுதான். அந்த மாதிரி வேலை செய்யற உயிரு கடல்லயும் இருக்குது. ஆனா அவ பார்த்த எடத்துல அதால உரம் ஏறல. அவ மேல தப்பு இல்லம்மா. வாங்கின வாயுவுலயே கலப்படம்."

அவர் காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஆஸ்பத்திரியில கூட அதையேதான் சொல்லிகினு இருந்தா. சிரிச்சிகினே சொன்னா. அவளுக்குத் தெரியாமயே போச்சு." பிறகு நிமிர்ந்து கேட்டார்: "இத வெளியில சொல்லித்தான் ஆவணுமா?"

"சொல்லலைன்னா சாக்கடைய யாரும் தடுக்க மாட்டாங்கம்மா. பவளம் செத்துப் போயிடும்."

"அப்ப சொல்லு. அவளே சொல்ற மாதிரி சொல்லு," என்றார்.

ஆய்வுக் கட்டுரையை அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. முன்பு சொன்னது தவறு என்று இருவரும் சேர்ந்து சொல்கிறோம். உன் வாயால் உன்னையே மறுக்க வைக்கிறேன். அதற்கு உன் சம்மதத்தை நான் யாரிடம் போய்க் கேட்பது?

கோடையில் கரையின் அழுக்கு எட்டாத தீவுப் பாறைகளுக்குப் போகிறேன். நீ தேடியது அங்கே இருந்தாலும் சொல்வேன், இல்லாவிட்டாலும் சொல்வேன். முதலில் உன் அம்மாவிடம். இனி பயந்து ஒளிய மாட்டேன்.

நேற்று உன் தட்டில் சோறு தின்ற
உன் அக்கா,
சுகந்தி