பத்து மணி நாலு நிமிஷத்துக்குப் பிறந்தவள்

ஞாயிறு, மத்தியானம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுறேன். உடம்பு சுகம்தானே, வேளாவேளைக்குச் சாப்பிடுறியா, இருமல் விட்டுதா. இங்கே நான், அப்பா, உன் தங்கச்சி எல்லாரும் உடம்புக்குக் குறையில்லாம இருக்கோம். மனசைக் கேட்காதே, அது பத்து நாளா கொதிச்சுக்கிட்டு இருக்கு, அதைக் கொட்டத்தான் இந்தக் கடிதம். போன்ல சொன்னா நீ நடுவில பேசுவே, இல்லேன்னா மீட்டிங்ல இருக்கேம்மான்னு வெச்சிடுவே. காகிதம்னா கடைசி வரைக்கும் கேட்டுத்தான் ஆகணும்.

முதல்ல துரை நீங்க அனுப்பின போட்டோ. உங்க ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல மூணு மாடி உயரத்துக்கு ஒரு பலகை, அதில உங்க நகரத்து ஜனத்தொகை சிவப்பு எழுத்தில ஓடுது, அதுக்குக் கீழே நீ கையைக் கட்டிக்கிட்டு, அத்தனை பேரையும் நீயே பெத்துப் போட்ட மாதிரி நிக்கிறே. அந்த நம்பரை ஓட்டுற புரோகிராம் எழுதினது என் பையன்தான்னு அப்பா பழைய பஸ் டிப்போ ஆளுங்க ஒருத்தரையும் விடாம காட்டிட்டு வந்தார். எனக்கும் அப்போ பெருமையாத்தான் இருந்தது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கீழே எழுதியிருந்தியே, உங்க ஊரை ஆறாயிரம் தலை முந்திட்டோம், ஐம்பது லட்சம் முதல்ல எங்களுக்குத்தான்னு, அதைப் படிச்சதும் சுருக்குன்னுச்சு. எதுடா உங்க ஊரு, எது எங்க ஊரு. நான் வேலை பார்க்கிற இதே ஆஸ்பத்திரியிலதான் உன்னைப் பெத்தேன். நாலு வருஷம் அங்கே குடியிருந்தா பிறந்த ஊரு அடுத்தவன் ஊராயிடுமா. சரி கிடக்கட்டும், அதைவிடப் பெரிய கோபம் இருக்கு எனக்கு.

உன் பலகையைப் பார்த்ததும் இங்கே மேயருக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. முதல்ல ஐம்பது லட்சத்தைத் தொடுற நகரத்துக்கு முதல் தர அந்தஸ்து, புது ரயில் பாதை, இன்னும் என்னென்னமோ கிடைக்கும்னு பேச்சு. அவரும் ஒரு பலகை வெச்சார், உன்னுதைவிட ஒரு மாடி உயரமா. அதோட விட்டாரா, ஐம்பது லட்சமாவது குழந்தை வர்ற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நம்ம பெரிய ஆஸ்பத்திரியில பிறக்கும்னு பேப்பர்ல அறிக்கையே கொடுத்துட்டார். முப்பத்திரெண்டு வருஷமா பிரசவ வார்டுல இருக்கேன், எந்தக் குழந்தையும் மேயர்கிட்ட நேரம் கேட்டுக்கிட்டு வந்து நான் பார்த்ததில்லை.

எங்க வார்டுல நாற்பது கட்டில், அன்னைக்கு இருந்தது அறுபத்தேழு பேர். சில கட்டில்ல ரெண்டு பேர், மீதிப் பேர் தரையில பாயைப் போட்டுக் கிடப்பாங்க, அதுதான் எப்பவும் உள்ளது. வியாழக்கிழமை சாயங்காலம் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, சிஸ்டர், நாளைக்குக் கேமராவோட வர்றாங்க, கட்டிலுக்கு ஒருத்தர்தான் கண்ணில படணும், மத்தவங்களைப் பின்னாடி பழைய சலவை அறைக்கு மாத்திடுங்கன்னார். அங்கே ஜன்னல் ஒண்ணுதான், கூப்பிட மணி கிடையாது, ஆக்ஸிஜன் கிடையாதுன்னு சொன்னேன். ஒரு காலை நேரம்தானேன்னார். ஐம்பது லட்சம் பேர் வேணுமாம், ஆனா நாற்பத்தோராவது ஆள் போட்டோவில வரக்கூடாதாம். இருபத்தேழு பேரை நடத்தியும் தள்ளியும் கொண்டுபோனோம், நானும்தான் தள்ளினேன்.

அதில ஒரு பொண்ணு, உன் தங்கச்சி வயசுதான் இருக்கும், டைல்ஸ் பதிக்கிறவ. ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்தில உங்க ஊர் அடுக்குமாடிக் கோபுரத்தைவிட உசரமா ஒண்ணு கட்டுறாங்களே, அதில பதினெட்டாவது மாடி வரைக்கும் தரை போட்டது அவளும் அவ புருஷனும். குடியிருக்கிறது அதே கட்டடத்துக்குப் பின்னாடி தகரக் கொட்டகையில. வெள்ளிக்கிழமை விடிஞ்சதிலேர்ந்து அவளுக்கு வலி. லேபர் ரூம்ல பூவும் ரிப்பனும் கட்டி வெச்சிருந்தாங்க, யாரையும் உள்ளே விடலை. அதனால அந்தச் சலவை அறையிலேயே, துணி மடிக்கிற மேஜை மேலே, நானும் துப்புரவு வேலை பார்க்கிற அக்காவும் பிரசவம் பார்த்தோம். பொண்ணு, ரெண்டே முக்கால் கிலோ, அழுகை அந்த அறைக்கே தாங்கலை. மணியைப் பார்த்தேன், பத்து நாலு. வழக்கம்போல உள்ளங்கையில எழுதிக்கிட்டேன். நஞ்சுக்கொடியும் முழுசா விழுந்தது. அப்புறமா ஆபரேஷன் தியேட்டர், மத்த ரூம் எல்லாம் விசாரிச்சேன், பத்து மணிக்கு மேல அன்னைக்கு எங்க ஆஸ்பத்திரியில பிறந்த முதல் குழந்தை அவதான்.

குழந்தை பிறந்த கையோட மாநகராட்சி விளம்பரப் பிரிவு ஆளு வாசல்ல வந்து நின்னு, சிஸ்டர், யூனிஃபார்ம் போட்டவங்க எல்லாரும் வரிசைக்கு வரணும், மேயர் காத்துக்கிட்டு இருக்கார்னான். இதோ நீங்க தேடுற குழந்தை இங்கேதான் இருக்குன்னேன். எட்டிப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான், அவ கையில காய்ஞ்சுபோயிருந்த சிமெண்டைப் பார்த்தான், எங்கே குடியிருக்கிறீங்கன்னு கேட்டான். அவ சொன்னதும், கொட்டகையா, அப்போ விலாசமே இல்லை, இது நம்ம ஜனத்தொகையிலேயே வராது சிஸ்டர்னு என்கிட்ட சொல்றான், அவ காது கேட்க. நான் பதில் சொல்றதுக்குள்ள பெரிய டாக்டர் நடையில நின்னு சத்தமா கூப்பிட்டார். ரெண்டு நிமிஷத்தில வந்துடுறேன் கண்ணுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டுப் போனேன்.

போயிருக்கக் கூடாது. பன்னிரெண்டு நிமிஷம் ஆச்சு. கையில ஒரு பூச்செண்டைக் கொடுத்து என்னை முதல் வரிசையில நிறுத்தினாங்க. மேயர் கையில தனி அறையில எட்டு இருபதுக்குப் பிறந்த ஒரு பையன், மிக்ஸி ஃபிரிட்ஜ் விக்கிற கடைக்காரர் பேரன், அது பாவம் தூங்கிக்கிட்டு இருக்கு. யாரோ பட்டனை அமுக்கினாங்க, பலகையில ஐம்பது லட்சம் வந்தது, எல்லாரும் கை தட்டினாங்க. நான் திரும்பி ஓடினப்போ அக்கா ரெண்டு கையாலயும் துணியை வெச்சு அழுத்திக்கிட்டு நிக்கிறா, துணி முழுக்க ரத்தம், தரையெல்லாம் ரத்தம். கருப்பை சுருங்கலை. அக்கா கத்தியிருக்கா, யாருக்குக் கேட்கும், நர்ஸ் அத்தனை பேரும் போட்டோவுக்குல்ல நின்னோம். ஊசி போட்டு, வயித்தை அழுத்திப் பிடிச்சு, ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தி அவ கண்ணைத் திறக்க மத்தியானம் ஆயிடுச்சு. பிழைச்சுட்டா. இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகியிருந்தா நான் இந்தக் கடிதத்தை வேற மாதிரி எழுதிக்கிட்டு இருப்பேன். என் கோபத்தில பாதி என் மேலதான், அதையும் நீ தெரிஞ்சுக்கோ.

மூணு மணிக்குப் பிறப்புப் பதிவேட்டை எடுத்துக்கிட்டு பெரிய டாக்டரே வந்தார். கடைக்காரர் பேரனுக்குப் பத்து நாலுன்னு போட்டுடுங்க, அந்தப் பொண்ணுக்குப் பத்தரைன்னு போடுங்க, நேரம் முன்னே பின்னே இருந்தா யாருக்கு என்ன கெட்டுப்போச்சுன்னார். காலையில ஒரு தடவை நீங்க கூப்பிட்டதும் வந்தேன் சார், இன்னொரு தடவை வர மாட்டேன்னு சொல்லிட்டு, அவர் முன்னாடியே ரெண்டு பேருக்கும் உள்ள நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சலவை அறையில பிரசவம், கவனிக்க ஆள் இல்லை, ரத்தப்போக்குன்னு அதையும் சேர்த்து எழுதினேன். மறுநாளே மேலதிகாரி சொல்லுக்குக் கீழ்ப்படியலைன்னு மெமோ. இப்போ வார்டுல எனக்கு வேலை இல்லை, மருந்துக் கிடங்கில உட்கார்ந்து பஞ்சு உருட்டிக்கிட்டு இருக்கேன். ரிட்டையர் ஆக பதினாலு மாசம் இருக்கு. வர்ற புதன்கிழமை விசாரணை. வரிசையில நின்ன நர்ஸ்ங்க ஒருத்தியும் வாயைத் திறக்கலை, அந்த அக்கா மட்டும் நான் வந்து சொல்றேன்னு நிக்கிறா, அவளோ ஒப்பந்த வேலைக்காரி, நாளைக்கே வரவேண்டாம்னா கேட்க நாதி கிடையாது.

இத்தனைக்கும் நடுவில உன் மெசேஜ் வருது. அம்மா உங்க ஊர்க்காரங்க கள்ளாட்டம் ஆடிட்டாங்க, எங்க மேயர் பலகை வேகத்தைக் கூட்டச் சொல்லியிருக்கார், ரெண்டே நாள்ல பிடிச்சிடுவோம்னு சிரிக்கிற பொம்மையோட. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. வேகத்தைக் கூட்டுறதுன்னா என்னடா. உன் பலகை வேகமா ஓடினா அங்கே எந்தப் பொண்ணுக்காவது சீக்கிரம் வலி வருமா, இல்லை ஒரு கட்டிலாவது கூட வருமா. அந்தப் பலகைக்குக் கீழே தெருக் கூட்டுறவங்க அந்த நம்பர்ல இருக்காங்களான்னு கேட்டுப் பார்த்தியா. எங்க ஊரு பொய் சொல்லிச்சுன்னு உங்க ஊரும் சொல்லணுமா, அதுக்கு என் பையனா புரோகிராம் எழுதணும். நீ இன்னும் கூட்டலைன்னா கூட்டாதே, கூட்டியிருந்தா குறை. முடியாதுன்னு சொல்றது கஷ்டம்தான், எனக்கே முப்பத்திரெண்டு வருஷம் ஆச்சு, அதுவும் அந்தப் பன்னிரெண்டு நிமிஷம் போன பிறகுதான் சொன்னேன். நீயாவது நேரத்தில சொல்லு.

இன்னொரு சேதி. ஆறாம் நாள் அந்தப் பொண்ணைக் கட்டில் வேணும்னு அனுப்பிட்டாங்க. எழுந்து நின்னா தலை சுத்துது, தகரக் கொட்டகையில வெயில் இறங்குற வேகத்துக்குப் பச்சைக் குழந்தை தாங்காது. நான் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். உன் ரூம்லதான் இருக்காங்க. உன் மேஜை, கிதார், அந்தப் பெட்டிங்க எல்லாத்தையும் அப்பாதான் பால்கனிக்கு மாத்தினார், என்னை ஒரு வார்த்தை கேட்கலை. அவ புருஷன் வேலை முடிஞ்சு தினம் வந்து கதவோரமா உட்கார்ந்து குழந்தையைப் பார்த்துட்டுப் போறான், உள்ளே வான்னா காலெல்லாம் சிமெண்ட்ங்கிறான். நேத்து பிறப்புச் சான்றிதழுக்கு அவளோட நான்தான் போனேன். ஜன்னல்ல இருந்தவர் விலாசம் இல்லாம பதிய முடியாதுன்னார். நம்ம வீட்டு நம்பரையும் தெருவையும் சொன்னேன். உறவான்னு கேட்டார், எங்க வீட்ல இருக்காங்க, வந்து பார்த்துக்கோங்கன்னேன். முத்திரை குத்திக் கொடுத்துட்டார். பிறந்த நேரம் பத்து நாலு, விலாசம் நம்ம விலாசம். இதில பொய் ஒரு எழுத்து கிடையாது.

நேரத்துக்குத் தூங்கு, இருமலுக்கு டாக்டரைப் பாரு. புதன்கிழமை சாயங்காலம் போன் பண்ணு, எந்த ஊரு ஜெயிச்சதுன்னு மட்டும் கேட்காதே. நீ நல்லா இருக்கணும், நேர்மையா இருக்கணும், அம்மாவோட ஆசீர்வாதம் எப்பவும் உனக்கு உண்டு, கோபமா இருக்கிறப்பவும் உண்டு. லீவு கிடைச்சா வா. ரூம் காலியில்லை, ஹால்ல படுத்துக்கலாம்.

இப்படிக்கு,
உன் மேல கோபமா இருக்கிற
அம்மா