காட்டுக்குள் நீ எழுதிய ஐந்து வரி

மச்சான்,

இன்று மத்தியானம் வேலை முடிந்து ட்ராமுக்காகக் காத்திருந்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. தரிப்பிடத்து வாங்கில் குந்தியிருந்த என்னிடம் ஒரு ஜெர்மன் சோடி வந்து, காலைக் கொஞ்சம் தூக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டது. அவள் கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஜிபிஎஸ் கருவி. அவன் சப்பாத்து நூலைக் கட்டுவதுபோலக் குனிந்து வாங்கின் அடியைத் தடவிக்கொண்டிருந்தான். என்ன தேடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. காலைத் தூக்கினேன். என் முழங்கால் இருக்கிற இருப்பில் அதுவும் லேசான காரியம் இல்லை. காந்தம் ஒட்டிய சின்னக் குப்பி ஒன்று அகப்பட்டதும் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்தார்கள். எனக்கு உன் ஞாபகம் வந்தது. வந்தால் லேசில் போகாது, உன்னைப் போலவே.

வீட்டுக்கு வந்து, சோற்றைக்கூடச் சூடாக்காமல் இதை எழுதுகிறேன். உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் வருவேன். நேரே சொல்லும் தைரியம் எனக்கு எப்போதும் குறைவு, அது உனக்குத் தெரியும்.

அந்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு உன் மகளிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அவளுக்குப் பதினாறு வயது. இரண்டு வருடமாக அவள் உன்னோடு கதைக்கவில்லை. மனைவி பிரிந்து மகளோடு வேறு ஊருக்குப் போன பிறகும் பிள்ளை வார இறுதிகளில் உன்னிடம் வந்துகொண்டுதான் இருந்தாள். வகுப்புச் சுற்றுலா விசயத்தில் அதையும் நீயே கெடுத்துக்கொண்டாய். பொம்பிளைப் பிள்ளையை ஐந்து நாள் வெளியில் தங்க விடமாட்டேன் என்று பாடசாலைக்கே போய், ஆசிரியைக்கும் பிள்ளையின் சிநேகிதிகளுக்கும் முன்னால் சத்தம் போட்டு, கையெழுத்து வைக்காமல் திரும்பி வந்தாய். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. தாயிடம் கேட்டால், அவளாக மனம் வந்து கதைக்கும்வரை விடுங்கோ என்று மட்டும் பதில் வரும்.

அட்டையை நீ வேலைத்தலத்துக்குக் கொண்டு வந்தாய். கெல்சென்கிர்ச்சன் ஆஸ்பத்திரிகளின் படுக்கைவிரிப்பெல்லாம் வந்து குவியும் அந்தச் சலவைத் தொழிற்சாலையின் இரைச்சலுக்குள் என் காதுக்குள் கத்தினாய். அட்டையில் இரண்டு வரி இலக்கங்கள். கீழே ஜெர்மனில் ஒரே வசனம்: தேடுங்கோ, அப்பா. நீ அந்த இலக்கத்தைச் சிறுவர் நலக் கந்தோரின் கோப்பு இலக்கம் என்று எண்ணிப் பயந்துபோயிருந்தாய். எங்களுக்கு இந்த நாட்டில் இலக்கம் என்றால் வேறு என்ன ஞாபகம் வரும்?

இயந்திரம் திருத்துகிற ஜெர்மன்காரன்தான் பார்த்துவிட்டுச் சிரித்தான். பெட்டியை எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அகலக்கோடு நெடுங்கோடுகளை இன்டர்நெட்டில் போடுவார்களாம். தேடிக் கண்டுபிடிப்பவர்கள் உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரெழுதி, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டு வரவேண்டுமாம். ஜியோகாஷிங் என்றான். தன்னுடைய மஞ்சள் கருவியையும் இரவல் தந்தான். நீ சந்தோசம் தாங்காமல் சிகரெட் பிடிக்க வெளியே போனாய். அந்த நேரத்தில் அவன் இன்னொன்றும் சொன்னான். சொந்தப் பெயரை யாரும் எழுதுவதில்லை, எல்லாருக்கும் ஒரு புனைபெயர் உண்டு, நீங்களும் ஒன்றை யோசித்துவையுங்கள் என்றான். அதை நான் உன்னிடம் சொல்ல மறந்துபோனேன்.

முதல் ஞாயிறு என்ன கூத்து அது. வாரம் ஆறு நாள் ஈரத்துணி தூக்கிய உடம்பு, ஏழாம் நாள் உன்னோடு முழங்கால் பனிக்குள். காலில் பொலித்தீன் பை சுற்றிச் சப்பாத்துப் போட்டிருந்தும் ஈரம் இறங்கிவிட்டது. கருவியின் அம்பு காட்டிய பக்கமெல்லாம் நேரே போனாய். பாதை பக்கத்திலேயே இருக்க, முட்பற்றைக்குள்ளாலும் ஓடைக்குள்ளாலும் என்னை இழுத்துக்கொண்டு போனாய். பனியில் காலடித் தடங்களைக் கண்டதும், எங்களுக்கு முன்னால் யாரோ தேடி வந்திருக்கிறார்கள் என்று அதன் பின்னால் போனோம். அது நாயோடு உலாவ வந்த யாரோ ஒருவரின் தடம். நாய் காலைத் தூக்கிய மரத்தடியில் போய் முடிந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். இரண்டு வருடத்தில் நீ அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அதற்குள் குளிரில் பற்றரி செத்துவிட்டது.

அடுத்த ஞாயிறு பற்றரியைக் கமக்கட்டுக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு போனாய். இலக்கங்கள் சரியாக வந்த இடத்தில் விழுந்த மரம் ஒன்று கிடந்தது. பனியைக் கையால் தள்ளினோம். வேருக்குக் கீழே கறுத்தப் பொலித்தீனில் சுற்றி, நாடா ஒட்டிய ஒரு பொதி. இரண்டு பேரும் சொல்லிவைத்தது மாதிரி ஓரடி பின்னுக்கு வந்தோம். மன்னாரில் பிறந்தவனுக்குக் காட்டுக்குள் கறுத்தப் பொதி என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

"கை வையாதை," என்றேன்.

"என்ரை பிள்ளை வைச்ச சாமான். அதுக்குப் பயப்பிடுறதே?" என்று சொல்லி முழங்காலில் இருந்தாய்.

உள்ளே இருந்தது அவள் முதலாம் வகுப்புக்குக் கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டி. நீ வாங்கிக் கொடுத்தது. மூடியைத் தடவிவிட்டுத் திறந்தாய். உள்ளே ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும், மாற்றி எடுத்துக்கொள்வதற்கு வைத்த நாலைந்து விளையாட்டுச் சாமான்களும் கிடந்தன. நாங்கள் எதுவும் கொண்டு போகவில்லை. பிள்ளையிடம் வெறுங்கையோடு வந்துவிட்டேனே என்று உன்னையே திட்டினாய். பிறகு, கையுறையைக் கழற்றிவிட்டு எழுதத் தொடங்கினாய்.

கொப்பியில் மற்றவர்கள் எழுதியிருந்ததை நான் எட்டிப் பார்த்தேன். நரி, வெள்ளெலி, இரண்டு தவளைகள் என்று ஒரு சொல்லும் திகதியும்தான். நீயோ ஒரு புதுப் பக்கத்தில், விண்ணப்பப் படிவம் நிரப்புவதுபோலப் பெரிய எழுத்தில் ஐந்து வரி எழுதினாய். முழுப்பெயர். பிறந்த திகதியும் இடமும். விலாசம். தொலைபேசி இலக்கம். கடைசியாகக் கையெழுத்து. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய நாள் தொடக்கம் இந்த நாட்டில் எங்கள் பெயரை எழுதச் சொன்ன இடமெல்லாம் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். இவ்வளவும் ஏன் என்று கேட்டேன்.

"வந்தது நான்தான் எண்டு அவளுக்கு வடிவாத் தெரியவேணும்," என்றாய்.

பெட்டியை மூடி மறைக்கச் சொல்லி என்னிடம் தந்துவிட்டு, காலில் இரத்த ஓட்டமில்லை என்று சொல்லிப் பாதைப் பக்கம் நடந்தாய். இனி எழுதப்போவதுதான் நான் உன்னிடம் சொல்லாதது. நான் அந்தப் பக்கத்தைக் கிழித்தெடுத்தேன்.

ஏன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டுவிட்டேன். அவளுடைய சிநேகிதிகள் பார்த்துச் சிரிப்பார்கள், பிள்ளை திரும்பவும் உன்னால் வெட்கப்படப் போகிறது, வந்த வாய்ப்பும் போய்விடும் என்று நினைத்தேன். அது முக்கால் உண்மை. மீதி என் பயம். இங்கே அகதி முகாமில் இருந்தபோது அனுமதிக் கடதாசி இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டினாய் என்று உன்னை ரயிலில் பிடித்தார்களே, அன்றிலிருந்து எங்கள் பெயர் எழுதிய கடதாசி எங்காவது கிடந்தால் எனக்கு நித்திரை வராது. அடுத்த பக்கத்தில் 'பனிமனிதன்' என்று ஜெர்மனில் எழுதித் திகதி போட்டேன். இந்தக் குளிருக்குள் அப்பாவைத் தவிர வேறு யார் வரப்போகிறார்கள், அவளுக்கு விளங்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வீடு வரைக்கும் நீ கதைத்துக்கொண்டே வந்தாய். நான் களைப்பு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு நீ காத்திருந்தாய். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றால் சத்தம் கேட்காது என்று கைத்தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் அதிர்வில் போட்டு வைத்திருந்தாய். மாசி மாதம் ஒருநாள், இன்னொருக்கால் போய்ப் பார்ப்போமா என்று கேட்டாய். முழங்கால் நோகிறது, பனி குறையட்டும் என்றேன். நோவு பொய்யில்லை. ஆனால் போனால் கொப்பியில் உன் பக்கம் இல்லாததைக் கண்டுவிடுவாய். பிறகு நீ கேட்கவில்லை.

பனியெல்லாம் கரைந்த பிறகு, ஒரு தேநீர் நேரத்தில் நீயாகவே சொன்னாய். "பாத்திருப்பாள். பாத்தும் கூப்பிட மனம் வரேல்லைப் போல. விடு."

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளை நாளை என்று ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. இலையுதிர் காலத்தில் ஒரு விடியற்காலை உன் இதயம் நின்றுவிட்டது என்று தொலைபேசி வந்தது. நான் சலவைத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மிச்சத் துணியையும் மடித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஏனென்று தெரியாது.

உன் முப்பத்தோராம் நாள் பூசைக்கு மகள் வந்தாள். நெடுத்து வளர்ந்துவிட்டாள், நெற்றி உன்னுடையது. தேவாலய மண்டபத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து இருந்தாள். தமிழும் ஜெர்மனும் கலந்து மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, அப்பா அந்தப் பெட்டியைத் தேடிப் போனவரோ?"

நான் கிழித்தெடுத்த அந்தப் பக்கம் அன்று என் சட்டைப்பைக்குள் இருந்தது. எங்களைப் போன்றவர்கள் ஒரு கடதாசியையும் எறிவதில்லையே. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதத்தைக்கூடக் கோப்பில் குத்தி வைத்திருப்பவன் நான், இதை எங்கே எறிவேன்? எடுத்துக் கொடுத்தேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று பார்த்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் ஐந்து வரியையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். கையெழுத்தில் விரல் நின்றது.

"நான் ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் போய்ப் பாத்தனான் மாமா," என்றாள். "பனி கரையும் மட்டும் போனனான். பனிமனிதன் ஆரோ வேறை ஆள் எண்டு நினைச்சிட்டன்."

நாங்கள் போனது காலையில், மச்சான்.

அவள் இப்போது இடைக்கிடை எனக்குத் தொலைபேசி எடுக்கிறாள். உன்னைப் பற்றித்தான் கேட்பாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்கிறேன், நாய்த்தடத்தின் பின்னால் போன கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரிக்கிறாள். நீ வந்தாய் என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன். அவள் வந்தாள் என்று உனக்குச் சொல்லத்தான் எனக்கு ஏலாமல் போய்விட்டது.