அனுமதி இல்லாத ஜன்னல்

மார்ச் 3
இன்றும் அதே பேச்சு. படுத்த படுக்கையில் இவருக்குத் தெரிவதெல்லாம் மின்விசிறியும் சுவரும்தான். "தெருவைப் பாக்கணும் போல இருக்கு" என்றார். ஜன்னலோ நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 5
தச்சர் அளந்து பார்த்தார். "சட்டம் உளுத்துப்போச்சும்மா, மாத்தித்தான் ஆகணும். அப்படியே அடிச்சுவரை இடிச்சுக் கீழ இறக்கிட்டா, ஐயா படுத்துக்கிட்டே பாக்கலாம்."

உடனே கட்டிலிலிருந்து குரல்: "அதே அளவுல மாத்தினா அனுமதி வேண்டாம். பெருசாக்கினா வேணும். வாங்காம ஒரு செங்கல்ல கை வைக்கக் கூடாது."

நகராட்சியில் கட்டட ஆய்வாளராக இருந்தவர், வேறெப்படிப் பேசுவார்? சொந்தத் தம்பி கட்டிய மாடியையே இடிக்க வைத்தவர். கொழுந்தன் அதன்பிறகு ரொம்ப நாள் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. எழுந்து உட்கார முடியாத நிலையிலும் சட்டம்! சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

மார்ச் 9
நகராட்சிக்குப் போய்க் கேட்டேன். இரண்டு மாதமாவது ஆகுமாம். டாக்டர் அவ்வளவு நாள் சொல்லவில்லையே.

மார்ச் 12
இவருக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். கொழுந்தனைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். தச்சரும் கொத்தனாரும் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். நான்தான் வரச் சொன்னேன்.

மார்ச் 15
வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஜன்னலைப் பார்த்தார்.
"அனுமதி?"
"வாங்கியாச்சு."
எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பொய்! கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 20
நாள் முழுக்கத் தெருதான். எதிர்வீட்டுக்காரர் தன் ஓட்டை ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார். "ஓட்டவும் மாட்டான், விக்கவும் மாட்டான்" என்று இவர் சிரித்தார். இந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம்!

மார்ச் 29
போய்விட்டார்.

ஏப்ரல் 17
இவரிடம் வேலை பழகியவர்தான் இப்போது ஆய்வாளர். இன்று வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார்தாம்மா போன மாசம் போன் பண்ணாரு. 'என் வீட்டுல அனுமதி இல்லாம ஜன்னலை இறக்கியிருக்கு. நான் இருக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே. அப்புறம் வந்து, மத்தவங்களுக்கு என்ன செய்வியோ அதைச் செய்'ன்னாரு."

தெரிந்திருக்கிறது. அந்த ஆபீஸ் வேலை எத்தனை நாளில் நடக்கும் என்று அவருக்கா தெரியாது? முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும், கிடைக்காவிட்டால் மூட வேண்டும் என்று ஆய்வாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். என் காதில் எதுவும் ஏறவில்லை.

பாவி மனுஷா! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தா உங்க மடியில விழுந்து அழுதாவது சொல்லியிருப்பேனே. எனக்காகவா பேசாம இருந்தீங்க? இல்ல, அந்தத் தெருவுக்காகவா? — இனி யாரைக் கேட்பேன்?

ஏப்ரல் 20
விண்ணப்பம் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 22
அனுமதி வந்துவிட்டது. ஜன்னலை இனி யாரும் மூடச் சொல்ல முடியாது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் ஓடினேன். "ஏங்க, இப்ப நிஜமாவே வாங்கியாச்சு" என்றேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.