காசு கட்டி வரவழைத்த கண்

மார்ச் 1, 2004
பெரிய தேடுபொறி ஒன்று அறிவித்துவிட்டது: கட்டணம் கட்டினால் இரண்டே நாளில் நம் பக்கம் அதன் பட்டியலில் சேரும். என் கூட்டாளி டேல் குதிக்கிறான். "எல்லா வாடிக்கையாளருக்கும் வித்துடலாம்!" நான் அந்தத் திட்டத்தைத் திட்டித் தீர்த்தேன். இணையப் பக்கங்களைப் படித்துப் பட்டியலிட தேடுபொறி அனுப்பும் நிரல்தான் ரோபோ; ஏழு வருடமாக எங்கள் பிழைப்பே அதை வாடிக்கையாளர் பக்கங்களுக்கு நைச்சியமாக வரவழைத்துப் படிக்க வைப்பதுதான். கதவைக் காசுக்குத் திறந்துவிட்டால் எங்களுக்கு என்ன வேலை?

மார்ச் 3
ஏரிக்கரையில் படகு வாடகைக்கு விடும் வெர்னா போன் செய்தாள். கோடைக்கான முன்பதிவெல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான். இந்த வருடமும் வியாபாரம் படுத்தால் கடையை மூட வேண்டியதுதான். அவளுடைய புதிய பக்கங்களை ரோபோ டிசம்பரிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை.
"காசு கட்டினா மேல வந்துருமா, கரின்?"
"உள்ள வரும். மேல வரும்னு அவங்க சொல்லல."
"உள்ள விட அவனுக்குக் காசு. அப்ப உனக்கு எதுக்குக் காசு?"
"மேல கொண்டுபோக" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

மார்ச் 6
வெர்னாவுக்காகக் கட்டணம் கட்டினேன். வந்துவிட்டது! தேடலில் முப்பத்தொன்றாவது இடம்.

மார்ச் 14
ஒன்பது. தலைப்பை மாற்றினால் இரண்டு நாளில் பலன் தெரிகிறது. முன்பு ஒரு மாதம் தவம் கிடப்போம். திட்டியதை வாபஸ் வாங்குகிறேன்.

மார்ச் 17
காணோம். பழைய பக்கங்கள்கூட இல்லை — தளமே இல்லை.
மின்னஞ்சல் வந்திருக்கிறது. கட்டணம் கட்டிய தளங்களை ஆள் வைத்துப் பார்க்கிறார்களாம். பார்த்தவர் 'மறைத்த எழுத்து' என்று குறித்துவிட்டார். 2001-ல் நான்தான் செய்தேன். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, வட்டாரத்து ஏரிகளின் பெயர்கள் அத்தனையும்! வருபவர் கண்ணுக்குத் தெரியாது, ரோபோ மட்டும் படிக்கும். அப்போது எல்லோரும் செய்தோம். மறந்தே போனேன். மூன்று வருடம் ரோபோ கண்டுகொள்ளவில்லை. காசு கட்டி நானே ஒரு மனிதரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். முட்டாள். முட்டாள்.

மார்ச் 18
டேல்: "காசு கட்டற திட்டத்து மேல பழியப் போடு. ஊரே அதத்தான் திட்டுது. அவளுக்கென்ன தெரியப் போகுது?"
மாலையில் வெர்னாவே கேட்டாள். "காச வாங்கிட்டு ஏமாத்திட்டானுங்களா, பாவிங்க?"
"ஆமா" என்றேன்.

மார்ச் 20
வெர்னாவின் தளத்திலிருந்து வெள்ளை எழுத்தை எல்லாம் நீக்கினேன். அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 22
தேடுபொறிக்காரர்களுக்கு எழுதிய கடிதத்தை வெர்னா போனில் படித்துக் காட்டினாள். 'திருடர்கள்' என்று மூன்று இடத்தில். அது போனால் எல்லாம் முடிந்தது. தப்பை ஒத்துக்கொண்டு, நீக்கிவிட்டதாகக் கடைக்காரரே எழுதினால்தான் மறுபடி பார்ப்பார்கள்.
"அனுப்பாத வெர்னா, நான் வர்றேன்."
பனியில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் போய் உண்மையைச் சொன்னேன். படகில் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.
"நாலு நாளா அவனுங்களத் திட்டறேன். கேட்டுட்டுதானே இருந்த?"
"ஆமா. புதுக் கடிதம் நானே எழுதித் தர்றேன்."
"வேணாம். நீ எழுதினா அதுலயும் வெள்ளை எழுத்து இருக்கும்."
வண்டியில் உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் 14
வெர்னாவின் தளம் திரும்ப வந்துவிட்டது. பன்னிரண்டாவது இடம். பக்கத்தின் அடியில், தளத்தைச் செய்தவர்கள் என்று எங்கள் பெயர் இருந்த வரியை மட்டும் எடுத்துவிட்டாள். யாரை வைத்து எடுத்தாளோ.
கடைக்குப் போன் செய்தேன். லைன் பிஸி. கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பிஸி. மூன்றாம் முறை நான் அழைக்கவில்லை. படகு கேட்டு யாராவது முயன்றுகொண்டிருப்பார்கள்.