சீட்டின் ஐந்தாவது வரி

என் செல்ல மகளுக்கு,

இது நானே எழுதுவது! ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஆகட்டும், எனக்கென்ன அவசரம்?

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முட்டிவலி என்று போய் நின்றபோது டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும். "பெரியவரே, இதுக்கெல்லாம் மாத்திரை இருக்கு. நாள் பூரா சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கீங்களே, அதுக்கு இல்ல. எழுத்து வகுப்புக்குப் போங்க." மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். எட்டு மாதம் போனேன். சர்க்கரைகூடக் குறைந்தது.

பிறகு மாடிப்படியில் விழுந்தேன். "டாக்டரே வகுப்ப நிறுத்தச் சொல்லிட்டாங்கப்பா" என்றான் உன் அண்ணன். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போகிறான். என் நல்லதுக்குத்தான். மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்துவிட்டுத்தான் போவான், தங்கமான பிள்ளை.

நேற்று மாத்திரை டப்பாவுக்கு அடியில், போன வாரம் அவன் மட்டும் போய் வாங்கி வந்த சீட்டு இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். நான்கு வரி மாத்திரைப் பெயர்கள், வாயில் நுழையவில்லை. ஐந்தாவது வரியை டாக்டரம்மா எனக்காகவே முத்து முத்தாக எழுதியிருக்கிறார்: 'வகுப்பு, வாரம் இரண்டு நாள், தொடரவும்.'

எனக்குப் படிக்கத் தெரியும் என்பதை மறந்துவிட்டான், பாவம். முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தேன்.

நீ சண்டை போடாதே. ஒரு நாள் வந்து அந்த வரியை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டு, போதும். கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். எதிர்வீட்டுத் தையற்காரர் தபாலில் போடுவார்.

வரும்போது, உன்னிடம் இந்த வீட்டுச் சாவி ஒன்று இருந்ததே, அதையும் எடுத்து வா.

உன் அப்பா
(கைநாட்டு இல்லை, பார்!)