முதல் அச்சும் ஒரு நகலும்

அக்கா,

ஐப்பசி மழை இந்த வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டது. சுவரின் ஈரம் உன் அலமாரிக்குள் ஏறிவிடுமோ என்ற பயத்தில் இன்று மத்தியானம் அதைத் திறந்தேன். வசம்பு வாசனையும் அதற்கு அடியில் பழைய தாளின் வாசனையும் வந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் புடவைகூட மாற்றாமல் இதற்கெதிரே உட்காருவாயே, அப்போது அறை முழுக்க இருக்கும் அதே வாசனை. கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் அப்பா பட்டு நூலுக்குச் சாயம் தோய்த்த வீட்டில்தான் நாம் இருவரும் வளர்ந்தோம். எனக்கு அந்தச் சாயக் கொப்பரைகளின் ஆவி பட்டாலே கண் எரியும். நீ மட்டும் பக்கத்திலேயே நின்றுகொண்டு கேட்பாய்.

"இந்தச் சாயப்பொடி எங்கேருந்துப்பா வருது?"

"கடையிலேருந்து வருது, போம்மா."

அந்தப் பதில் உனக்குப் போதவில்லை. வேதியியல் படித்தாய், பெண்கள் பள்ளியில் அதையே கற்பித்தாய். சொந்தச் சம்பளம் கைக்கு வந்ததும் பழைய வேதியியல் கட்டுரைகளைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தாய். பின்னால் புத்தகமாகத் தொகுத்து வந்தவை உனக்கு வேண்டாம். ஒரு கண்டுபிடிப்பு முதன்முதலில் எந்தப் பத்திரிகையில் அச்சேறியதோ, அந்த இதழின் அந்தத் தாள்களே வேண்டும். லண்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பார்சல் வரும். போஸ்ட்மேன் வாசலில் நின்று சிரிப்பார்.

"இன்னா டீச்சர், மறுபடியும் பேப்பரா? வெளிநாட்டுலேருந்து ஒரு சென்ட் பாட்டிலாவது வரக்கூடாதா?"

ஊரே பட்டு நெய்கிறது, உன் பீரோவில் பட்டென்று சொல்லிக்கொள்ள அம்மாவின் பழைய புடவைதான் இருந்தது. அதைப் பற்றி உனக்குக் கவலையே இல்லை.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் உன்னோடு வந்து சேர்ந்தேன். முன்னறையில் என் தையல் மிஷின், உள்ளறையில் உன் தாள்கள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைக் காட்டினாய்.

"தண்ணிக்கு ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன்னு போட்டிருக்கான் பாரு."

"தப்பாச்சேக்கா?" அவ்வளவு எனக்கும் தெரியும்.

"தப்புதான். அப்புறம் வந்தவங்க திருத்திட்டாங்க. ஆனா ஒருத்தன் வழி தெரியாம தடவித் தடவிப் போனது இதுலதானே இருக்குது? திருத்தினதுல அது இல்லியே."

அதைச் சொல்லும்போது உன் முகம் அழகாக இருந்தது. அசலை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் அன்றுதான் காட்டினாய். அந்தக் காலத்தில் ஈய எழுத்தைக் கோத்துத் தாளில் அழுத்தி அடித்தார்கள். தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்தின் மேடு விரலில் படும். பிற்காலத்தில் படம் பிடித்து அடித்த நகலில் அந்த மேடு இருக்காது.

பிறகு உன் மார்பில் கட்டி வந்தது. சென்னைக்கு அலைந்தோம். மருந்து ஏற ஏற முடி போயிற்று, ருசி போயிற்று, கடைசியில் விரல் நுனிகள் மரத்துப்போயின. டம்ளர் கையிலிருந்து நழுவுவதுகூட உனக்குத் தெரியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் நீ பல வருஷம் தேடிய கட்டுரை கிடைத்துவிட்டதென்று வெளிநாட்டு வியாபாரி ஒருவர் எழுதினார். நிலக்கரித் தாரிலிருந்து சாயம் எடுக்கலாம் என்று உலகத்துக்குச் சொன்ன ஆரம்பகாலக் கட்டுரை. அப்பாவின் கொப்பரையில் கரைந்த பொடிக்கெல்லாம் அதுதான் தொடக்கம் என்பாய். பார்சல் வந்த அன்று காலை கேட்டு வாங்கி இரண்டு இட்லி சாப்பிட்டாய்.

கட்டிலில் சாய்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாய். பார்வைக்குப் பழுப்பேறி வெகு பழையதாகத்தான் இருந்தது. முதல் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினாய். மறுபடி தடவினாய். பிறகு உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எனக்கு ஒண்ணும் தெரியலடி. நீ பாரு."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து தடவினேன். காலண்டர் தாள் மாதிரி வழவழவென்று இருந்தது. வேறு இடத்தில் தடவினேன். அங்கும் அப்படியே. நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"மேடு இருக்குதா?"

பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது ஒரு நொடி நிற்காதா என்றிருந்தது எனக்கு.

"இல்லக்கா."

"நல்லா பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா. வழவழன்னுதான் இருக்குது."

திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன். "அனுப்பி, அவன் பதில் போட்டு, வேற தேடி... அதுக்கெல்லாம் நான் இருக்கணுமேடி" என்றாய். பிறகு, "பென்சில் எடு. மேல் மூலையில நகல்னு எழுது. பின்னாடி எவனும் இதை அசல்னு வாங்கி ஏமாறக் கூடாது."

எழுதினேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அன்று கஞ்சிகூடக் குடிக்கவில்லை. அந்தத் தாளை நீ அப்புறம் கேட்கவே இல்லை.

நீ போன பிறகு ஒரு கல்லூரி நூலகத்தில் போய்க் கேட்டேன், எல்லாவற்றையும் சும்மாவே கொடுத்துவிடுகிறேன் என்று. "இதெல்லாம் ஸ்கேன் பண்ணி நெட்டுலயே கிடைக்குதேம்மா. வைக்க இடமும் இல்ல" என்றார் அங்கிருந்தவர். மரியாதையாகத்தான் சொன்னார். சென்னையிலிருந்து பழம்புத்தகக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். நகல் என்று எழுதிய தாளைக் கையில் எடுத்து, "பென்சில்தானேம்மா, ரப்பர் வெச்சா போயிடும். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். அவர் கையிலிருந்து அதை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினேன். இனி இவற்றை யாரிடம் கொடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. எனக்குப் பிறகு இந்த வீட்டில் ஆள் இல்லை.

ஆனால் இன்று உனக்கு எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

ஆஸ்பத்திரியில் உன் கடைசி நாட்களில் ஒன்று. உன் பாதத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். நீ தூங்குகிறாய் என்று நினைத்திருந்தேன்.

"அன்னிக்கு நீ மேடு இருக்குதுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்டி" என்றாய்.

கை நின்றுவிட்டது எனக்கு. "சொல்லியிருக்கணுமாக்கா?" என்று கேட்டேன்.

நீ கண்ணைத் திறக்கவில்லை. பிறகு தண்ணீர் கேட்டாய், மின்விசிறியைக் குறைக்கச் சொன்னாய். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

சில நாள் நீ சொன்னதை நினைத்தால், இவள் பொய் சொல்லமாட்டாள் என்று தெரிந்துதானே தாளை என்னிடம் கொடுத்தாய் என்று மனம் ஆறுகிறது. அன்று ரவிக்கைகளை மளமளவென்று தைத்துப் போடுகிறேன். சில நாள், இவ்வளவு செய்தவள் அந்த ஒரு பொய்யையும் தந்திருக்கக் கூடாதா என்று நீ கேட்டதாகவே காதில் விழுகிறது. அன்று மிஷினுக்கு எதிரே உட்கார்ந்தபடியே இருக்கிறேன், அக்கா. கால் மிதிக்க மாட்டேனென்கிறது.